பழைய கட்டடத்தைப் பாடமாக்குவது எப்படி? பினாங்கில் மரபுடைமைப் பாதுகாப்பு கற்பிக்கப் போகும் புதிய விரிவுரையாளருக்கு

அடுத்த செமஸ்டரில் மரபுடைமைப் பாதுகாப்புப் பாடத்தை நீங்கள் எடுங்கள் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். நீங்கள் கட்டடக்கலை படித்தவராக இருக்கலாம், வரலாறோ சுற்றுலாத் துறையோ படித்தவராகவும் இருக்கலாம். இந்தப் பாடத்தையே முறையாகப் படித்து வந்தவர்கள் நம்மிடையே குறைவுதான். கையில் பழைய பாடத்திட்டம் ஒன்று கொடுத்திருப்பார்கள்: முதல் வாரம் வரையறைகள், இரண்டாம் வாரம் அனைத்துலகச் சாசனங்கள், மூன்றாம் வாரம் சட்டங்கள், கடைசியில் பேருந்து ஏறி ஒரு சுற்றுப்பயணம். அதை அப்படியே நடத்த வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கட்டடத்தைக் காப்பது என்றால் ஓயாமல் முடிவெடுப்பது. இந்தச் சுவரின் பூச்சை உரிப்பதா, விடுவதா? பிறகு சேர்த்த பின்கட்டை இடிப்பதா? கீழே பல ஆண்டுகளாகப் பூக்கடை வைத்திருப்பவர் வேலை முடிந்ததும் திரும்பி வர முடியுமா? இதில் எதற்கும் புத்தகத்தில் விடை இல்லை. அதனால் மாணவரை முடிவெடுக்கப் பழக்குவதுதான் பாடத்தின் வேலை. என் வழியில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கம் எழுதித் தருவார்: எதைக் காப்பேன், எதை விடுவேன், ஏன், யாருக்காக. இதை ‘முடிவுப் பக்கம்’ என்று வகுப்பில் சொல்லி வையுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு பக்கத்தை நோக்கித்தான் போகின்றன.

முதலில் மணிக்கணக்கு

மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். செமஸ்டர் 14 வாரம், வாரம் மூன்று மணி நேரம் வகுப்பு என்று வைத்தால் 42 மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. மீதி 78 மணி நேரம் மாணவருடையது. புதிதாக வருகிறவர்கள் 42 மணி நேரத்தை எப்படி நிரப்புவது என்றே யோசிப்பார்கள். நீங்கள் அந்த 78 மணி நேரத்தை முதலில் திட்டமிடுங்கள். அளக்கப் போவது, வரைவது, பேட்டி எடுத்ததை எழுதுவது, பழைய நாளிதழ் தேடுவது எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். களத்துக்குப் போகும் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் எட்டாம் வாரத்தில் மாணவர்கள் சோர்ந்துவிடுவார்கள்.

கற்றல் விளைவுகளை எழுதச் சொல்லிப் படிவம் வரும். ‘அறிந்துகொள்வர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதாதீர்கள். ‘ஒரு கடைவீட்டை அளந்து தரைப்படமும் வெட்டுப்படமும் வரைவர்’, ‘ஈரத்தால் வந்த பழுதின் காரணத்தைச் சான்றோடு விளக்குவர்’, ‘ஒரு கட்டடத்தின் முக்கியத்துவத்தை எழுதி, அதற்கேற்ற பாதுகாப்பு முடிவை நியாயப்படுத்துவர்’ என்று செய்து காட்டக்கூடியதாக எழுதுங்கள். மூன்று போதும். பழங்கட்டடப் பாதுகாப்புக்கான அனைத்துலக அமைப்பான இக்கோமோஸ் 1993-இல் கொழும்பில் நிறைவேற்றிய கல்வி வழிகாட்டிக் குறிப்புகளில், பாதுகாப்பாளருக்கு வேண்டிய திறன்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் முதலில் வருவது ஒரு கட்டடத்தையோ இடத்தையோ ‘வாசிக்கும்’ திறன். பாடத்திட்டக் குழுவில் யாராவது இவ்வளவு களவேலை எதற்கு என்று கேட்டால் அந்த ஆவணத்தைக் காட்டுங்கள்.

தெருவைத் தேர்ந்தெடுப்பது

செமஸ்டர் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே போய் ஒரு கட்டடத்தைப் பிடித்துவிடுங்கள். பாடம் முழுக்க அந்த ஒரு கட்டடமும் அதன் தெருவும்தான். ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு இடத்துக்குப் போனால் மாணவர்கள் நிறையப் பார்ப்பார்கள், எதையும் அறிய மாட்டார்கள்.

புகழ்பெற்ற கட்டடத்தை எடுக்காதீர்கள். லெபோ லீத் தெருவிலுள்ள நீல மாளிகை, அதாவது சியோங் ஃபாட் ஸீ மாளிகை, சீரமைப்புக்காக 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றது. அதையும் 1906-இல் கட்டி முடித்த சீனக் குலச் சங்கக் கட்டடமான கூ கொங்சியையும் கட்டாயம் பார்க்கக் கூட்டிப் போங்கள். ஆனால் அங்கே முடிவுகள் எல்லாம் எடுத்து முடிந்துவிட்டன. உங்கள் மாணவர்களுக்கு வேண்டியது கூரை ஒழுகுகிற, சுவர் உதிர்கிற, பின்பக்கம் தகரம் வைத்து மறைத்த ஒரு சாதாரணக் கடைவீடு. லெபோ பசார், லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங்கு, லெபோ சூலியா என்று லிட்டில் இந்தியாவைச் சுற்றியே அப்படிப்பட்டவை இருக்கின்றன. சேலைக் கடை, மளிகைக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை என்று எல்லாம் இன்னும் வியாபாரம் நடக்கும் இடங்கள்.

தமிழ் தெரிந்த விரிவுரையாளருக்கு இந்தத் தெருக்களில் ஒரு பெரிய வசதி உண்டு. கதவுக்கு மேல் உள்ள பழைய தமிழ் எழுத்தை நீங்கள் வாசிப்பீர்கள். கணக்குப் பிள்ளையின் பழைய பேரேட்டை வாசிப்பீர்கள். அந்தத் திறன் கொண்ட ஆய்வாளர்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை. அதனால்தான் சீனச் சங்கக் கட்டடங்களைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்கு செட்டியார்கள் கூடித் தொழில் நடத்திய நம்முடைய கிட்டங்கிகளைப் பற்றியும் சிறு கோயில்களைப் பற்றியும் எழுதப்படவில்லை. உங்கள் வகுப்பு கொஞ்சமாவது அந்தக் குறையைத் தீர்க்கட்டும்.

அனுமதி கேட்பது தனிக்கலை. கடைக்காரரிடம் முதலில் கடிதத்தை நீட்டாதீர்கள். ஏதாவது வாங்குங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, எங்க காலேஜ் பிள்ளைங்க உங்க கடையை அளந்து படம் வரையணும். வியாபாரத்துக்கு இடைஞ்சல் வராம பார்த்துக்கிறோம்.”

“எதுக்கு சார்? அளந்துட்டு கவுன்சில்ல குடுத்துடுவீங்களா? அப்புறம் அத மாத்து, இத இடின்னு ஆளு வருவான்.”

இந்தப் பயத்தை லேசாக எடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் போட்ட மரத்தட்டு, பின்னால் நீட்டிய சமையலறை என்று அவருக்குக் கவலைகள் இருக்கும். படங்கள் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதை எழுதிக் கொடுத்து நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். கடைக்காரர் வெறும் வாடகைதாரராக இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டடம் பள்ளிவாசலின் வக்ஃபு சொத்தாகவோ கோயில் அறப்பணிச் சொத்தாகவோ குடும்பச் சொத்தாகவோ இருக்கலாம். உரிமையாளரிடமும் மலாயில் முறையான கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவுக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இரண்டு மாதம் முன்பே தொடங்கச் சொன்னது அதனால்தான்.

கோலாலம்பூரில் கற்பிப்பவர்களுக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீயும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் நல்ல களம். 1873-இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் 1910-இன் ரயில் நிலையமும் நடக்கும் தூரத்தில் இருப்பதால் ஒரே பிற்பகலில் சிறியதையும் பெரியதையும் ஒப்பிடலாம்.

முதல் நான்கு வாரம்: பார்ப்பதும் அளப்பதும்

முதல் வகுப்பையே தெருவில் வையுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். காகிதமும் பென்சிலும் கொடுத்து, ஐந்தடியில், அதாவது கடைகளின் முன்னாலுள்ள கூரையிட்ட நடைபாதையில் நின்று எதிர்க்கடையின் முகப்பை ஒரு மணி நேரம் வரையச் சொல்லுங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். படம் எடுப்பவர் ஒரு நொடி பார்க்கிறார், வரைகிறவர் ஒவ்வொரு ஜன்னலையும் எண்ண வேண்டியிருக்கிறது. மேல்மாடியில் மூன்று ஜன்னலில் ஒன்று மட்டும் ஏன் வேறு மாதிரி என்ற கேள்வி வரையும்போதுதான் வரும். அன்றைக்கே முதல் முடிவுப் பக்கத்தையும் கேளுங்கள்: இந்த முகப்பில் எதை இழந்தால் இது இந்தக் கடையாக இருக்காது? எழுதுவது பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். அதைத் திருத்தாமல் பத்திரமாக வையுங்கள். கடைசி வாரத்தில் தேவைப்படும்.

ஐந்தடியில் நிற்கும்போதே அதன் கதையையும் சொல்லிவிடலாம். 1822-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், தெருவோரக் கட்டடங்களின் முன்னால் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று விதித்தார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்ற ஊர்களில் எல்லாம் அது பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அந்தப் பாதை இன்று பல இடங்களில் சரக்குப் பெட்டிகளாலும் மோட்டார் சைக்கிள்களாலும் அடைபட்டிருக்கிறது. யாருடைய இடம் அது? அதுவே இரண்டாம் வாரத்தின் முடிவுப் பக்கம்.

அளப்பதற்கு ஒரு குழுவில் நான்கு பேர் வையுங்கள்: இரண்டு பேர் டேப் பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுத்து எண்ணிட. லேசர் அளவுக்கருவி நல்லதுதான், ஆனால் டேப்பில் முதலில் பழக்குங்கள். அறையின் நான்கு பக்கத்தை மட்டும் அளந்தால் போதாது, மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய அறை எதுவும் சதுரமாக இருக்காது, மூலைவிட்டம் இல்லாமல் அதை வரைய முடியாது. ஒரு சுவரில் வரும் கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடர் அளவாக எடுக்கச் சொல்லுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடிப் பெருகும். மலேசியாவில் கட்டடக்கலை மாணவர்களின் அளவுப்படங்களுக்கு நல்ல மரபே உண்டு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காலாம் மையம் அத்தகைய படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஒன்றிரண்டைக் காட்டினால் தரம் என்னவென்று மாணவர்களுக்குப் புரியும்.

பாதுகாப்பில் கண்டிப்பாக இருங்கள். கரையான் அரித்த மாடிப் பலகை மேலே நன்றாகத்தான் தெரியும். உரிமையாளர் தினமும் நடக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்கக் கூடாது, கூரையில் ஏறவே கூடாது.

சுண்ணாம்பு வாரங்கள்

ஒரே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைத்தான் ஆழமாகக் கற்பிக்க நேரம் இருக்கிறது என்றால் சுண்ணாம்பைக் கற்பியுங்கள். பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனின் பழைய கட்டடங்கள் நோய்ப்படுவதற்குப் பெரும் காரணம் இதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, நிறைய நீரை உறிஞ்சும். அதைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, சுண்ணாம்பு நீரே அடித்தார்கள். தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். கடலோர ஊர் என்பதால் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளை உள்ளது என்பதால் ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். உப்பு பூச்சிலேயே தங்கி, காலப்போக்கில் பூச்சு உதிரும், மறுபடி பூசுவார்கள். செங்கலைக் காப்பாற்றத் தன்னைக் கொடுப்பதுதான் அந்தப் பூச்சின் வேலை. பின்னாளில் வந்தவர்கள் உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசி, அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் இன்னும் உயரத்துக்கு ஏறியது. உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, உள்ளிருந்து நெருக்கிச் செங்கலைப் பொடியாக்கியது. வெளியே பார்த்தால் சிமெண்ட் உறுதியாக நிற்கும், தட்டினால் உள்ளே மண் கொட்டும்.

இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். செய்து காட்டினால்தான் நம்புவார்கள். பழைய செங்கல்கள் சில வாங்கி, பாதியை ஒரு பங்கு சுண்ணாம்பு மூன்று பங்கு மணல் கலந்து பூசச் சொல்லுங்கள். மீதியைச் சிமெண்ட் சாந்தால் பூசச் சொல்லுங்கள். பூச்சுக் காய்ந்து இறுகிய பிறகு எல்லாவற்றையும் உப்புநீர்த் தட்டில் நிறுத்தி, வாரம் இருமுறை எடை பார்த்து, உப்பு எங்கே வெள்ளையாகப் பூக்கிறது என்று படம் எடுக்கட்டும். சுண்ணாம்பு இறுக நாள் எடுக்கும், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது மறுபடி கல்லாகிறது. அதனால் முதல் வாரத்திலேயே பூசி நிழலில், ஈரத்துணி போட்டு வைத்துவிடுங்கள். ஐந்தாம் வாரத்தில் சோதனை தொடங்கும். நீற்றாத சுண்ணாம்பை வகுப்பில் நீற்ற வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். நீற்றி ஊறவைத்த பசையாகவே வாங்குங்கள். கையுறையும் கண் கவசமும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

இங்கே நம்முடைய வரலாறும் வருகிறது. சிங்கப்பூரில் 1861-இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு மதராஸ் சுண்ணம் பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் கலந்து குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்து, காய்ந்தபின் மெருகேற்றும் பூச்சு அது. வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பினாங்கில் 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. வெள்ளைக்காரரின் தேவாலயம் என்று சாதாரணமாகக் கடந்து போகும் கட்டடத்தின் முன்னால் மாணவர்களை நிறுத்தி, இதைக் கட்டிய கைகள் யாருடையவை என்று கேளுங்கள். கடுக்காய், கருப்பட்டி போட்டுச் சுண்ணாம்பு அரைத்த பழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் கோயில் பழுதுபார்ப்பில் கையாளப்படுகிறது. அது நம் கைத்தொழில் என்று தெரிந்துகொள்ளும்போது மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

முடிந்தால் ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரையோ தச்சரையோ வகுப்புக்கு அழையுங்கள். பேராசிரியரை அழைத்தால் என்ன மதிப்பூதியம் தருவீர்களோ அதையே அவருக்கும் தரச் சொல்லி நிர்வாகத்தோடு போராடுங்கள். ‘பட்டம் இல்லாதவருக்கு விதி இடம் தராது’ என்பார்கள். விதியில் தொழில் நிபுணர் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதமும் வாயும்

ஏழாம் எட்டாம் வாரங்களில் ஆவணங்களுக்கும் பேட்டிக்கும் வாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியத்தில் பினாங் கெஜட் உள்ளிட்ட பழைய இதழ்களைத் தேடலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அங்குள்ள பழைய ஆய்வேடுகளில் கோயில், தோட்டம், தொழில் பற்றி நிறைய இருக்கிறது. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் நாளிதழின் விளம்பரங்கள் கடைகளின் வரலாற்றுக்குத் தங்கச் சுரங்கம். செய்தியை விட விளம்பரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கடை எண், தெரு, என்ன விற்றார்கள் எல்லாம் அதில் இருக்கும்.

வீட்டு அலமாரிகளையும் விடாதீர்கள். கும்பாபிஷேக அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு விழாப் படம், வாடகை ரசீது. மாணவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அசலை அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் வாங்கவே கூடாது.

பேட்டியில் ‘இந்தக் கட்டடத்தின் முக்கியத்துவம் என்ன?’ என்று கேட்டால் பெரியவர் நாளிதழில் படித்ததைத்தான் சொல்வார். காலையில் கடை திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், சாமி படம் ஏன் இந்தச் சுவரில், வேலையாட்கள் எங்கே படுத்தார்கள், மழை பெய்தால் தண்ணீர் முதலில் எங்கே வரும் என்று கேளுங்கள். கட்டடம் எப்படி இயங்கியது என்பது அந்தப் பதில்களில் இருக்கிறது. ஐயா, அம்மா, தாத்தா என்று உறவு வைத்துப் பேசும் பிள்ளைகளுக்கு இது இயல்பாக வரும்.

சாசனமும் சட்டமும் இப்போது

இவ்வளவுக்கும் பிறகு சட்டத்துக்கு வந்தால் மாணவர்களுக்குக் கேள்விகள் தயாராக இருக்கும். ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து 2008 ஜூலை 7-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறின. ஜோர்ஜ்டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150.04 ஹெக்டர். நாட்டுக்கு 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், மாநிலத்துக்கு 2011-இன் சட்டம், நகரத்துக்கு 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் என்று மூன்று அடுக்கு. இந்தக் கட்டடம் எந்த எல்லைக்குள் வருகிறது, எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள், பெயிண்ட் நிறம் மாற்ற யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று மாணவர்களே கண்டுபிடித்து வரட்டும். மரபுடைமைப் பகுதியில் 18 மீட்டர் உயர வரம்பு ஏன் வந்தது, பட்டியலில் ஏறிய காலத்தில் அதைத் தாண்டிய ஹோட்டல் திட்டங்களால் என்ன சர்ச்சை எழுந்தது என்பதும் ஒரு நல்ல வகுப்பு.

சாசனங்களுக்கு நம் கோயில்தான் சிறந்த பாடநூல். லெபோ குயினில் 1833 முதல் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. பாலாலயம் செய்து, சுதைச் சிற்பங்களைச் சீர்செய்து, புதிதாக வண்ணம் தீட்டுவார்கள். பாதுகாப்புக்கான அனைத்துலக நெறிகளை வகுத்த 1964-இன் வெனிஸ் சாசனமோ, ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, எல்லாக் காலத்தவரின் பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது. அப்படியானால் கும்பாபிஷேகம் தவறா? 1994-இன் நாரா ஆவணத்தை இப்போது கொடுங்கள். ஒரு பொருளின் உண்மைத்தன்மையை அது பிறந்த பண்பாட்டுக்குள் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது. மாணவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள்.

புதுப்பிப்பது மரபு என்ற பெயரில் என்னவெல்லாம் போகிறது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். உபயகாரர் பெயர் பொறித்த பழைய கல், கையால் செய்த தரை ஓடு, வன்மரக் கதவு, பித்தளைக் குமிழ். ஆகமம் இவற்றை எறியச் சொல்லவில்லை. டைல்ஸ் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று யாரோ ஒருவர் சொன்னதால் போகின்றன. ஆகவே அந்த வார முடிவுப் பக்கம் இப்படி: நீங்கள் கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர். எதைப் புதுப்பிப்பீர்கள், எதைத் தொடக்கூடாது என்பீர்கள்? உறுப்பினர் கூட்டத்தில் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? இதற்கு வரும் பதில்கள்தான் செமஸ்டரிலேயே சிறந்தவையாக இருக்கும்.

கட்டடத்துக்கு வெளியேயும் மரபு உண்டு என்பதற்குத் தைப்பூசத்தைச் சொல்லுங்கள். லெபோ பினாங்கிலுள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் போகும் வழி முழுவதும் தேங்காய் உடைக்கிறார்கள். அந்தப் பாதையை எந்த அளவுப்படத்தில் வரைவீர்கள்?

வாடகையும் மனிதர்களும்

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. உரிமையாளருக்கு இடித்துக் கட்ட லாபமில்லை, பழுதுபார்க்கவும் பணமில்லை. ஊர் அப்படியே நின்றதற்கும் பாழானதற்கும் அதுவே காரணம். 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது, 1999 முடிவோடு கட்டுப்பாடு தீர்ந்தது. 2000-இல் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல நகரத்தை விட்டு வெளியேறின. காலியான மாடிகளில், உண்பதற்கு விற்கும் பறவைக்கூட்டுக்காக உழவாரன் குருவிகளை வளர்த்தார்கள். சுவருக்கு அதன் ஈரமும் எச்சமும் பெரும் கேடு. 2013 முடிவுக்குள் அதை மரபுடைமைப் பகுதியிலிருந்து அகற்ற மாநில அரசு கெடு வைத்தது. அப்புறம் ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும் வந்தன. 2012-க்குப் பிறகு சுவரோவியங்களைப் பார்க்க வரும் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

இதை விரிவுரையாக நடத்த வேண்டாம். பொது விசாரணை ஒன்றை நடத்துங்கள். ஒருவர் உரிமையாளர், ஒருவர் மாலை கட்டும் வாடகைதாரர், ஒருவர் ஹோட்டல் முதலீட்டாளர், ஒருவர் பினாங்குத் தீவு மாநகர் மன்ற அதிகாரி, ஒருவர் 1986 முதல் இயங்கும் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை போன்ற ஓர் அமைப்பின் பேச்சாளர். உரிமையாளரை வில்லனாக்க விடாதீர்கள். கூரை மாற்ற என்ன செலவாகும் என்று அவர் கேட்கும் கேள்விக்கு மற்றவர்கள் ரிங்கிட்டில் பதில் சொல்ல வேண்டும்.

தோல்விகளையும் கற்பியுங்கள். 1929-இல் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் எழுந்த போக் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. மரபுடைமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு. 2013-இல் கெடா, பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் சண்டி என்ற பழங்காலக் கோயிலின் எச்சம் மேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்டது வெளியே தெரிந்தபோது நாடே கொதித்தது. சட்டம் இருந்தும் அரசிதழில் பதிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த இரண்டும் காட்டும்.

மதிப்பெண்

முடிவுப் பக்கங்களுக்கு 30 விழுக்காடு, அளவுப்படத்துக்கு 25, இறுதி அறிக்கைக்கு 30, விசாரணைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் 15 என்று பிரிக்கலாம். எழுத்துத் தேர்வு வேண்டாம். நிர்வாகம் வேண்டும் என்றால் தெரியாத ஒரு கட்டடத்தின் படத்தைக் கொடுத்து முடிவுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். முடிவு சரியா தவறா என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். சான்று கட்டடத்திலிருந்து வருகிறதா, யாருக்கு நஷ்டம் என்று சொல்லியிருக்கிறாரா, வேறு வழியை எடுத்து நேர்மையாகப் பேசியிருக்கிறாரா என்று பாருங்கள்.

இறுதி அறிக்கைக்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா சாசனத்தின் வரிசை கைகொடுக்கும்: முதலில் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள், பிறகு கொள்கை வகு, பிறகு பராமரி. தேவையான அளவு மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று என்ற அதன் நெறி மாணவர்கள் மனதில் உடனே நிற்கும். அறிக்கையோடு, முதல் நாள் எழுதிய முடிவுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்று எதை மாற்றுவீர்கள் என்று ஒரு பக்கம் கேளுங்கள். வளர்ச்சியை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசி வாரம்

வேலை முடிந்ததும் படங்களைக் கல்லூரி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அச்செடுத்து, சட்டம் போட்டு, கடைக்காரருக்கும் உரிமையாளருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் ஐந்தடியிலேயே ஒரு மாலை கண்காட்சி வையுங்கள். விளக்கம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பேட்டியின் ஒலிப்பதிவையும் குடும்பத்துக்கே கொடுத்துவிடுங்கள். பல வீடுகளில் தாத்தாவின் குரல் அதில் மட்டும்தான் இருக்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் கட்டட எண், தெரு, தேதி, அளந்தவர் பெயர் எழுதி, மூலக் குறிப்பேடுகளையும் சேர்த்து வையுங்கள். அடுத்த செமஸ்டரின் மாணவர்களுக்கும் அதே கட்டடத்தையே கொடுங்கள். முன்னவர்கள் எடுத்த அளவுகளில் சிலவற்றை மறுபடி எடுத்துப் பார்ப்பது அவர்களின் முதல் வேலை. சுவரின் விரிசல் அகலமாகியிருக்கிறதா, ஈரக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தக் கதவு மாறியிருக்கிறது என்று எழுதட்டும். இரண்டாம் ஆண்டில் கடைக்காரரே உங்களைக் கூப்பிட்டு, மாடியில் புதிதாக ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்பார். அன்றைய வகுப்பை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.